போஸ்டர் வச்சாச்சு, இனிமே ஜர்னலுக்கு எப்படி அனுப்பறது?

குடியாத்தத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வேலூர் பக்கம் ஒரு போதை மறுவாழ்வு மையத்துல சோஷியல் ஒர்க்கராம். குடியை நிறுத்திட்டு டிஸ்சார்ஜ் ஆனவங்க வீட்டுக்கே மாசாமாசம் போய் பேசினா திரும்ப குடிக்கறது குறையுதான்னு, ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒரு ஸ்டடி பண்ணி மாநாட்டுல போஸ்டரா, அதாவது பெரிய தாள்ல அச்சடிச்சு, வச்சிருக்காங்க, ரெண்டு குரூப்புக்கும் பெருசா வித்தியாசம் வரல. ஸ்டடியோட சுருக்கம் (ஆப்ஸ்ட்ராக்ட்) மாநாட்டு சப்ளிமெண்ட்ல பிரிண்ட் ஆயிடுச்சே, இனி ஆராய்ச்சிக் கட்டுரை போடற ஜர்னல் எடுக்குமா, ரிசல்ட் வராததை யாரு போடுவா, ஒரே வாரத்துல போடறோம்னு மெயில் வருதே நம்பலாமான்னு மூணு கேள்வி.

மொதல் கேள்வி சுலபம். போஸ்டரோ சுருக்கமோ வந்ததை ஜர்னல்காரங்க ஏற்கனவே வெளியான கட்டுரையா பாக்கறதில்ல, ஐசிஎம்ஜேஇ-ன்னு சொல்ற எடிட்டர்கள் கமிட்டியோட விதியே அப்படித்தான். இன்ன மாநாட்டுல வச்சோம்னு டைட்டில் பக்கத்துல ஒரு வரி போட்டுடுங்க, போதும். முழுக் கட்டுரையே மாநாட்டு மலர்ல அச்சாகியிருந்தா மட்டும் கதை வேற.

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். 2018-ல வந்த காக்ரேன் ரிவ்யூ (பல ஸ்டடிங்களை சேத்து அலசற ஆய்வு) மூணு லட்சத்துக்கும் மேல மாநாட்டு சுருக்கங்களை எடுத்து பாத்துச்சு, முழுக் கட்டுரையா வந்தது சுமார் 37 சதவீதம்தான். நல்ல ரிசல்ட் வந்த ஸ்டடிங்க அதிகமா வந்திருக்கு, அது உண்மைதான். ஆனா ஏன் வரலன்னு எழுதினவங்களையே கேட்டப்போ அதிகம் பேர் சொன்ன காரணம் ஜர்னல் ரிஜக்ட் பண்ணிச்சுன்னு இல்ல, நேரம் இல்லங்கறது. அதாவது பாதிக்கு மேல பெட்டிக்குள்ளயே கிடக்குது, நிறைய பேர் அனுப்பறதே இல்ல. நம்ம ஊர்ல போஸ்டர் வச்சா சர்டிபிகேட் கைக்கு வந்துடும், அதோட ஆர்வமும் போயிடும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம்.

உங்க மாதிரி ஸ்டடி வெளிய வரலன்னா என்ன ஆகும்னா, ஆம்பூர்லயோ ராணிப்பேட்டைலயோ இருக்கற இன்னொரு மையம் வெற்றிக் கதைய மட்டும் படிச்சிட்டு இருக்கற ரெண்டு ஆளையும் பஸ் ஏத்தி வீடு வீடா அனுப்பிக்கினு இருக்கும். அதனால எழுதுங்க. ஆனா "பலன் இல்ல"ன்னு எழுதாதீங்க. ஆளு கம்மியா இருந்தா வித்தியாசம் இருந்தும் கண்ணுல படாம போயிருக்கலாம், கான்ஃபிடன்ஸ் இன்டர்வலை, அதாவது உண்மையான பலன் எதுலேர்ந்து எது வரை இருக்கலாம்ங்கற வரம்பைப் போட்டுட்டு, இவ்ளோ பெரிய பலன் இருக்க வாய்ப்பில்ல, இவ்ளோ சின்னது இருக்கலாம்னு சொல்லுங்க, கட்டுரையை ஜர்னலுக்காக படிச்சுப் பாக்கற ரிவ்யூவருக்கு அது புடிக்கும்.

போதை ஸ்டடில ரிவ்யூவர் மொதல்ல கை வைக்கிற இடம் காணாம போனவங்க, அதாவது கடைசி வரை தொடர்புல கெடைக்காதவங்க. ஆறாம் மாசம் ஃபோன் அடிச்சா ஒருத்தர் பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிருப்பாரு, இன்னொருத்தர் வீட்ல அந்தம்மா எடுத்து "அவரு இல்லீங்க"ன்னு வச்சிடும், குடிக்கறாரா இல்லையான்னு யாருக்குத் தெரியும். கெடச்சவங்களை மட்டும் கணக்கு போட்டா ரிசல்ட் அழகா இருக்கும், ஆனா நம்ப முடியாது. சிகரெட் ஸ்டடிங்கள்ல 2005-ல வந்த ரஸ்ஸல் ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுல பதில் தராதவரை திரும்ப சிகரெட் புடிக்கறவராவே எண்ணுவாங்க, இறந்து போனவங்களும் கண்டுபிடிக்க முடியாத விலாசத்துக்குப் போனவங்களும் மட்டும் விலக்கு. குடிக்கும் அந்த மாதிரி ஒரு கணக்கு, கெடச்சவங்களை வச்சு ஒரு கணக்குன்னு ரெண்டையும் போட்டுக் காட்டுங்க. அவரு வாயால சொன்னதா, வீட்டாளுங்க சொன்னதா, ஊதிப் பாத்ததான்னும் எழுதணும். போஸ்டர்ல இருந்த நம்பரும் கட்டுரைல இருக்கற நம்பரும் மாறுச்சுன்னா காரணத்தையும் ஒரு வரில சொல்லிடுங்க.

ஸ்டடிக்கு அனுமதி தந்த எத்திக்ஸ் கமிட்டி லெட்டர் நம்பர் கட்டாயம். சிடிஆர்ஐ-ல (இந்தியாவுல நடக்கற மருத்துவ சோதனைகளைப் பதியற பதிவேடு) பதிவு பண்ணீங்களான்னு கேப்பாங்க, 2018 ஏப்ரல் 1-ல இருந்து ஆளு சேக்கறதுக்கு முன்னாடியே பண்ணணும், பின் தேதில பண்ண முடியாது. பண்ணலன்னா மறைக்காம கவர் லெட்டர்ல சொல்லிடுங்க, சில ஜர்னல் அதுக்காகவே திருப்பும், சிலது எடுக்கும்.

அந்த மெயில் விஷயம். காசு கேக்கறதே தப்பு இல்ல, ஓப்பன் ஆக்ஸஸ்னா (யாரு வேணா இலவசமா படிக்கலாம்) நல்ல ஜர்னலும் கேக்கும். ஆனா ஒரு வாரத்துல ரிவ்யூ முடிஞ்சு ஏத்துக்கறோம்னு எவன் சொன்னாலும் ரிவ்யூவே இல்லன்னு அர்த்தம். டிஓஏஜே-ங்கற ஓப்பன் ஆக்ஸஸ் ஜர்னல் பட்டியல்ல இருக்கா, பப்மெட்-ங்கற மருத்துவக் கட்டுரை தேடற தளத்துல வருதா, எடிட்டர் போர்டுல இருக்கறவங்க நெஜமா அந்த ஆஸ்பத்திரில வேலை செய்யறாங்களான்னு பாருங்க. தென் மாநில மனநல டாக்டர்கள் சங்கம் நடத்தற இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கலாஜிக்கல் மெடிசின் மாதிரி ஒண்ணுல ஆரம்பிக்கலாம். ஒரு நேரத்துல ஒரே ஜர்னல்தான், ரெண்டுக்கு சேத்து அனுப்பினா மாட்டிப்பீங்க.

எழுதறப்போ டேபிளை மொதல்ல போடுங்க, அப்புறம் மெத்தட்ஸ், முன்னுரை கடைசில. கட்டுரைல எழுதினவங்கன்னு பேரு யார் யாருதுன்னு கைடுகிட்ட இப்பவே மெயில்ல எழுத்தா வாங்கிடுங்க, அவரு ட்ரான்ஸ்ஃபர் ஆயிட்டா ஒரு கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.