அந்த நீலச் சிலந்தியை வாங்கலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் நாலு கடிதம் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தது, அதனால் மொத்தப் பக்கத்தையும் சிலந்திக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: நீல நிற டாரன்டுலா குட்டி ஒன்றை ஒருவர் விலைக்குத் தருகிறேன் என்கிறார். நம் நாட்டுச் சிலந்திதான், வெளிநாட்டில் பண்ணையில் பிறந்தது, கேஸ் எதுவும் வராது என்கிறார். வாங்கலாமா? (கல்லூரி மாணவர், கோத்தகிரி)

வாங்க வேண்டாம் தம்பி. அவர் சொல்வது பொசிலோதீரியா மெட்டாலிகாவாகத்தான் இருக்கும். 1899-இல் போக்காக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். அவர் கைக்கு வந்த சிலந்தி ஆந்திராவில் குத்தி என்ற ஊரின் ரயில்வே மரக் கிடங்கில் பிடிபட்டது, அதனால் உலகம் முழுக்க வளர்ப்பவர்கள் இன்றைக்கும் அதை அந்த ஊர்ப் பெயராலேயே கூப்பிடுகிறார்கள். ஆனால் அது அந்த ஊர்ச் சிலந்தியே இல்லை, ஏதோ காட்டில் வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் ஆய்வாளர்கள் யார் கண்ணிலும் படவில்லை. 2001-இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே உள்ள காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதன் இருப்பிடம் என்று உறுதியாகத் தெரிந்த காடு நூறு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது, அங்கேயும் விறகுக்கும் தடிக்கும் மரம் வெட்டுகிறார்கள். மிக அபாயத்தில் இருக்கும் இனம் என்று 2008-இல், அழிவை நோக்கிப் போகும் உயிர்களைப் பதியும் உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

அந்த நீலம் சாயமே இல்லை என்பது தெரியுமா? அதன் ரோமத்துக்குள் இருக்கும் மிக நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது நமக்கு நீலமாகத் தெரிகிறது. அந்த அழகுதான் அதற்கு எமனாக இருக்கிறது.

வெளிநாடுகளில் இதைப் பெட்டியில் வைத்து இனப்பெருக்கம் செய்து விற்கிறார்கள் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கைக்கு வருகிற குட்டி அப்படிப் பிறந்ததா, காட்டுப் பொந்திலிருந்து எடுத்ததா என்பதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேஸ் வராது என்பதோ சுத்தப் பொய். பொசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019-இல், அரிய உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்துவிட்டது, திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2023 ஏப்ரலிலிருந்து சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிர்களைத் தனி அட்டவணையில் வைத்திருக்கிறது. வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டுங்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பார்சலில் வரவழைத்துத் தருகிறேன் என்று சொன்னாலும் மயங்க வேண்டாம். 2020 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த ஒரு பார்சலைச் சென்னையில் சுங்கத் துறையினர் பிரித்தார்கள். வெள்ளிக் காகிதமும் பஞ்சும் சுற்றிய சின்னச் சின்ன மருந்துக் குப்பிகளில் 107 சிலந்திகள் உயிரோடு இருந்தன. மூச்சுவிட இடமில்லாத குப்பிக்குள் ஒன்று, அடுத்த குப்பிக்குள் இன்னொன்று என்று 107. எல்லாவற்றையும் வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள்.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில், லயன் வீட்டுக்குப் பக்கத்துப் பலாமரப் பொந்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிறது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். கீழேயிருந்து வந்த ஒருவர் பிடித்துக் கொடுத்தால் பணம் தருகிறேன் என்றாராம். (தாண்டிக்குடி)

அம்மா, ரெண்டும் வேண்டாம். அதுவும் அநேகமாக மேலே சொன்ன பொசிலோதீரியா பேரினத்துப் பொந்துச் சிலந்தியாகத்தான் இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு, ஏழெட்டு அடி தள்ளி நின்று அந்தப் பொந்தைப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாறை பக்கம் நான் ஒரு முறை அப்படி நின்றேன். முதலில் பொந்தின் விளிம்பில் நாலு கால் நுனி மட்டும்தான் தெரிந்தது, மரப்பட்டைக்கும் காலுக்கும் வித்தியாசமே இல்லாத சாம்பல் நிறம். கால் மணி நேரம் அசையவில்லை. ஒரு விட்டில் பூச்சி பட்டையில் வந்து உட்கார்ந்ததுதான் தெரியும், அடுத்த நொடி விட்டிலும் இல்லை சிலந்தியும் இல்லை, பொந்து மட்டும்தான் இருந்தது. அவ்வளவு வேகம்! சீண்டினால் முன்னங்காலைத் தூக்கிக் காட்டும், அடியில் பளிச்சென்று மஞ்சள் தெரியும். அதைப் பார்த்தால் உடனே விலகிவிட வேண்டும்.

கடித்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கடுத்துவிடும், மறைக்க மாட்டேன். நல்ல வலி, வீக்கம், அப்புறம் தசை இழுத்துப் பிடிக்கும், சிலருக்கு அந்த இழுப்பு நாள்கணக்கில் விட்டுவிட்டு வரும். இந்த வகைச் சிலந்தி கடித்துச் செத்ததாகப் பதிவு இல்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கீறிவிடுவதோ கட்டுப் போடுவதோ கூடாது. பாம்புக்கடி மருந்து இதற்குக் கேட்காது. ஆனால் பொந்துக்குள் கையையோ குச்சியையோ விடாதவரை அது தானாக இறங்கி வந்து யாரையும் கடிக்கப் போவதில்லை, ஆள் நடமாட்டம் கேட்டாலே உள்ளே ஓடிவிடும் சுபாவம் அதற்கு.

எனக்குக் கவலை சிலந்தியைவிட அந்தப் பலாமரத்தைப் பற்றித்தான். பொந்து விழ ஒரு மரத்துக்குப் பல பத்து வருஷம் ஆகும். பொந்துள்ள கிழ மரத்தைத்தான் தோட்டங்களில் முதலில் வெட்டுகிறார்கள், காய்ப்பில்லை, தடிக்கும் ஆகாது என்று. இந்த வகையில் தாயும் குட்டிகளுமாக ஒரே பொந்தில் பல மாதம் சேர்ந்து இருப்பதும் உண்டு, ஆகவே ஒரு மரம் போனால் ஒரு குடும்பமே போகும். பணம் தருகிறேன் என்று அந்த ஆள் மறுபடி வந்தால் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுக்காரரை.

கேள்வி: நம் மலையிலும் அபூர்வச் சிலந்தி உண்டா? (பள்ளி ஆசிரியர், ஊட்டி)

உண்டு ஐயா. ஹாப்ளோகிளாஸ்டஸ் நில்கிரினஸ் என்று நீலகிரியின் பெயரையே தாங்கிய ஒன்று இருக்கிறது, அதற்கும் 1899-இல் போக்காக்தான் பெயர் வைத்தார். மலைக்குக் கீழே, அரக்கோணத்துச் சிலந்தி ஒன்றுக்கும் அதே வருஷம் பெயர் வைத்தார். ராமேஸ்வரத்துப் புளியந்தோப்புகளில் வாழும் பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா 2004-இல்தான் விவரிக்கப்பட்டது, அதுவும் மிக அபாயப் பட்டியலில்தான் இருக்கிறது. உங்கள் மாணவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்: சிலந்தியைப் படம் எடுத்துப் போடும்போது எந்த வளைவு, எந்த மரம் என்று எழுத வேண்டாம், போனில் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிட வேண்டும். பிடிக்கிறவர்கள் அந்தப் படங்களைத் தேடித்தான் மலை ஏறுகிறார்கள்.

கேள்வி: மூன்று வருஷமாக மெக்சிகோ சிவப்பு முட்டிச் சிலந்தி ஒன்றை வளர்க்கிறேன். இப்போது மனசு உறுத்துகிறது. காட்டில் விட்டுவிடட்டுமா? (கூடலூர்)

தயவுசெய்து விடாதீர்கள். அது நம் காட்டைச் சேர்ந்ததே இல்லை, நம் மழையில் செத்தாலும் பாவம், பிழைத்தாலும் தொல்லை. அதுவும் சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால் மாவட்ட வன அலுவலகத்துக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பதிவுக்கு 2024-இல் விதிகள் வந்தன, கெடு போய்விட்டதே என்று பயந்து ஒளித்து வைத்தால் சிக்கல் கூடத்தான் செய்யும். பெண் சிலந்தி என்றால் இருபது வருஷத்துக்கு மேலும் இருக்கும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்துச் சிலந்தி என்பதால் பின்பக்கத்து ரோமத்தை உதறிவிடும், கண்ணில் பட்டால் பெரும் அவதி, பெட்டியைச் சுத்தம் செய்யும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். நம் பொந்துச் சிலந்திக்கு அந்த ரோமம் கிடையாது. அப்புறம், ஒரு நாள் காலையில் அது மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சட்டை உரிக்கிறது. தொடாமல், இரை எதுவும் போடாமல், அதுவாகப் புரண்டு எழும்வரை அப்படியே விட்டுவிடுங்கள்.