ஐசியுவில் கிருமி என்றால் வேறு மருத்துவமனைக்கு மாற்றலாமா?

கேள்வி: ரப்பர் பால் வெட்ட விடியுமுன் பைக்கில் போன அண்ணன் விழுந்து, தலையில் ரத்தக்கட்டு. ஆபரேஷன் முடிந்து நாகர்கோவிலில் ஆறு நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். இப்போது காய்ச்சல், சளியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் அசினெட்டோபாக்டர் என்ற கிருமி வந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் கிருமியே வராத ஐசியு இருக்கிறது, மாற்றிவிடலாம் என்கிறார் ஆம்புலன்ஸ்காரர். மாற்றலாமா?
– வாசகி, குழித்துறை

பதில்: அவர் பேச்சைக் கேட்டு ஆளைத் தூக்காதீர்கள். கிருமியே வராத ஐசியு களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. ஆளைக் கொண்டு சேர்த்தால் கமிஷன் என்று அலைகிறவர்கள் இருக்கிறார்கள். வழியில் ஆக்ஸிஜனோ ரத்த அழுத்தமோ இறங்கினால் அடிபட்ட மூளைக்கு அது இரண்டாவது அடி. போய் இறங்கியதும் முதலிலிருந்து ஸ்கேன், அட்வான்ஸ்.

தொண்டையில் குழாய் இருப்பவரால் இருமித் துப்ப முடியாது. வாயில் ஊறும் எச்சில் குழாயின் ஓரமாக நுரையீரலுக்குள் கசிகிறது. கிருமியும் கூடவே போகிறது. ஆனால் சளியில் கிருமி வளர்ந்தாலே நிமோனியா என்று அர்த்தமில்லை. மூளைக் காயத்தாலேயே காய்ச்சல் வருவதும் உண்டு. நெஞ்சு எக்ஸ்ரேயில் புதிதாக நிழல் விழுந்திருக்கிறதா, ஆக்ஸிஜன் தேவை கூடியிருக்கிறதா, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று டாக்டரிடம் கேளுங்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் போட்டால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இடம் மாற்றச் சொல்வேன். மூளைக்குள்ளிருந்து நீர் வடிக்கும் குழாய் தலையில் வைத்திருக்கிறார்களா? அந்த நீர் கலங்கலாக வந்தால் மூளையின் அறைகளுக்குள்ளேயே கிருமி புகுந்திருக்கலாம். ஊசி வழியாகப் போடும் பல மருந்துகள் அங்கே போதுமான அளவு எட்டாது. குழாயை மாற்றவோ அதன் வழியாகவே மருந்து விடவோ நேரும். கூப்பிட்டால் வர நியூரோ சர்ஜன் இல்லாத இடமென்றால் அங்கே வைத்திருக்க வேண்டாம். அப்போதும் இப்போது பார்க்கும் டாக்டரே போகப்போகும் இடத்து டாக்டரிடம் பேசி, பெட் உறுதியான பிறகுதான் வண்டி.

பணத்துக்கு வருவோம். விபத்தில் அடிபட்டவர்களுக்குத் தமிழக அரசு இலவச சிகிச்சை தரும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்துக்குத்தான். வென்டிலேட்டர் நிமோனியாவோ குழாய் போட்டு 48 மணி நேரம் கழித்து வருவது. பெரிய பில் எப்போது வரும் என்று திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாதா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இன்றே காட்டிவிடுங்கள். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஆளுக்கு ஒரு நர்ஸ் வேண்டும். ராத்திரி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள், கவனிப்பு எப்படி என்று புரியும்.

அண்ணனைப் பார்க்க ஒருவர் மட்டும் போங்கள், சானிடைசரை அரை நிமிடம் தேய்த்துவிட்டு. கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரியாவது உயர்ந்திருக்கிறதா, வாயைத் துடைத்துச் சுத்தம் செய்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம், மூத்திரக் குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். யாரும் கேட்காவிட்டால் அது அப்படியே கிடக்கும்.