எலக்ட்ரான் போனால் பிணைப்பு பலமாகுமா?

கேள்வி: ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானை எடுத்துவிட்டால் பிணைப்பு இன்னும் பலமாகும் என்கிறார் எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ். எடுத்தால் தளரத்தானே வேண்டும்? அந்த அயனியை யார் உடைத்துப் பார்த்தார்கள்?
- பிளஸ் ஒன் மாணவி, தென்காசி

பதில்: மிஸ் சொன்னது சரிதான். அதை நிரூபிக்க அயனியை யாரும் உடைக்கக்கூட வேண்டாம், வேதியியலாளர் ஹெஸ் 1840-ல் சொன்ன விதியே போதும்: எந்த வழியில் போனாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றென்றால் மொத்தச் செலவும் ஒன்றுதான்.

முதலில் மூலக்கூறை இரண்டு அணுவாக உடையுங்கள், செலவு 5.12 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). அப்புறம் ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானை எடுங்கள், 13.62. ஆக 18.74. இப்போது வரிசையை மாற்றி, முழு மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானை எடுத்தால் 12.07 தான் செலவு. இரண்டு வழியிலும் கடைசியில் கிடைப்பது ஓர் அணுவும் எலக்ட்ரான் இழந்த ஓர் அணுவும்தான். ஆக பாக்கி 6.67 இருக்கிறதே, அதுதான் அந்த அயனியை உடைக்க ஆகும் செலவு, அதாவது அயனியின் பிணைப்பு ஆற்றல். 5.12 எங்கே, 6.67 எங்கே! பிணைப்பு நீளமும் 1.21 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1.12-க்குச் சுருங்குகிறது, ஆக இது வெறும் கணக்கு வித்தை இல்லை.

காரணம், ஆக்சிஜனில் முதலில் வெளியேறும் எலக்ட்ரான் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலில் இருந்தது, அதாவது பிணைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்த ஆசாமி. நைட்ரஜனில் போவது பிணைப்புக்கு உதவிய எலக்ட்ரான், அதனால் அங்கே நீங்கள் நினைத்ததே நடக்கிறது: மூலக்கூறை உடைக்கும் 9.76-ஓடு அணுவின் 14.53-ஐக் கூட்டி, மூலக்கூறின் 15.58-ஐக் கழித்தால் 8.71, குறைந்துவிட்டது. சொல்லப்போனால் முழுக் கணக்கும் போட வேண்டியதில்லை, அணுவைவிட மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் (ஓர் எலக்ட்ரானை எடுக்க ஆகும் செலவு) குறைவாக இருந்தாலே, இதுபோல ஒரே வகை அணுக்கள் இரண்டு சேர்ந்த மூலக்கூறில், பிணைப்பு பலமாகும் என்று எழுதிவிடலாம்.

ஒரே ஒரு இடத்தில் பலரும் சறுக்குகிறார்கள். ஆக்சிஜனுக்குப் பல புத்தகங்களில் மோலுக்கு 498 கிலோஜூல் என்று இருக்கும், அது 298 கெல்வினில் உள்ள என்தால்பி, அதாவது மாறாத அழுத்தத்தில் அளக்கும் வெப்பக் கணக்கு. நான் எடுத்த 5.12 என்பது பூஜ்ய கெல்வின் மதிப்பு, கிட்டத்தட்ட 494 கிலோஜூல். இரண்டையும் கலந்து போட்டுவிட்டு விடை ஒத்துவரவில்லையே என்று உட்காராதீர்கள்.

ஹைட்ரஜனை நீங்களே போட்டுப் பாருங்கள்: பிணைப்பு 4.48, அணு 13.60, மூலக்கூறு 15.43. விடை 2.65 வரணும்.