ஊசல் கணக்கில் நீள்வட்டத் தொகையீடு: கொடுக்க வேண்டியது கே-யா, எம்-ஆ?

கேள்வி: தருமபுரியில் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் செய்முறை நடத்துகிறேன். ஒரு மீட்டர் ஊசலை 90 டிகிரி விலக்கி விட்டால் முதல் அலைவுக்கு 2.37 வினாடி ஆகிறது. பைத்தானின் சைபை நூலகத்தில் முழு நீள்வட்டத் தொகையீட்டைத் தரும் எலிப்கே சார்பைக் கொண்டு கணக்கிட்டால் 2.67 வருகிறது. காற்றுத் தடை காரணமா, நூலகத்தில் பிழையா?

பதில்: இரண்டும் இல்லை, உங்கள் அளவீடு சரியானது. நீளத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அதை 4-ஆலும் முதல் வகை முழு நீள்வட்டத் தொகையீட்டாலும் பெருக்கினால் அலைவுநேரம் கிடைக்கும். அத்தொகையீட்டுக்கு உள்ளிடும் மதிப்பான கே என்பது வீச்சுக் கோணத்தில் (ஊசலை விலக்கிய கோணத்தில்) பாதியின் சைன் மதிப்பு. 90 டிகிரிக்கு அது 0.7071. ஆனால் எலிப்கே கேட்பது கே-யை அன்று, அதன் வர்க்கமான எம்-ஐ. ஆகவே 0.5 கொடுக்க வேண்டும், தொகையீடு 1.8541 ஆகும், நம் பகுதிக்குப் பொருந்தும் 9.78 என்ற முடுக்கத்துடன் அலைவுநேரம் 2.371 வினாடி வரும். வர்க்கப்படுத்தாமல் 0.7071-ஐயே கொடுத்தால் தொகையீடு 2.0860, அலைவுநேரம் 2.668, உங்களுக்கு வந்தது இதுதான். (பாடநூல் வழக்கப்படி 9.81 போட்டாலும் மூன்றாம் தசம இடம்தான் மாறும் என்பதால் அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.)

இரண்டு வழக்கங்கள் இருப்பதே குழப்பத்துக்குக் காரணம். கணிதவியலாளர் யாக்கோபி நீள்வட்டச் சார்புகள் பற்றி 1829-இல் வெளியிட்ட நூலில் கே-யைக் கொண்டே எழுதினார். அப்ரமோவிட்ஸும் ஸ்டெகனும் தொகுத்த 1964-ஆம் ஆண்டுக் கணிதச் சார்புக் கையேடு எம்-ஐ எடுத்துக்கொண்டது. கணினி நூலகங்களிலும் மென்பொருள்களிலும் சைபை, எம்பிமேத், மேட்லேப், மேத்தமேட்டிகா ஆகியவை எம் கேட்கின்றன. ஜிஎஸ்எல், பூஸ்ட், சி++17 செந்தர நூலகம் ஆகியவை கே கேட்கின்றன. எந்த நூலகமானாலும் முதலில் 0.5 கொடுத்துப் பாருங்கள்: 1.8541 வந்தால் அது எம், 1.6858 வந்தால் கே. அந்த நூலகத்தின் விளக்கப் பக்கத்தைப் புரட்டுவதைவிட இதையே நான் நம்புவேன்.

வீச்சு 180 டிகிரியை நெருங்கும்போது எம் ஒன்றை நெருங்கி, ஒன்றிலிருந்து அதைக் கழிப்பதில் இலக்கங்கள் தொலைந்துபோகும். அங்கே பாதிக் கோணத்தின் கொசைனை வர்க்கப்படுத்தி சைபையின் எலிப்கேஎம்1 சார்புக்குக் கொடுங்கள். ஒவ்வொரு கணத்திலும் ஊசலின் கோணம் வேண்டுமென்றால் சைபையின் எலிப்ஜே சார்பு யாக்கோபியின் நீள்வட்டச் சார்புகளான எஸ்என், சிஎன், டிஎன் மூன்றையும் சேர்த்தே தரும், அதற்கும் எம்-தான். ஆனால் அது மெய்யெண்களை மட்டுமே ஏற்கும். சிக்கலெண்களுக்கு எம்பிமேத்தின் எலிப்ஃபன் சார்புக்குச் செல்ல வேண்டும்.