இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரு வாரம் உண்மையில் எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வியை எனக்கு அனுப்பியவரின் குழந்தைக்கு இன்னும் சில மாதங்களில் ஒன்றரை வயது ஆகிறதாம். கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். "குழந்தை ஓடத் தொடங்கிய பிறகு ஒரு வாரம் எப்படிப் போகும்? முடிந்தால் மணிவாரியாக ஓர் அட்டவணை கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

அட்டவணை எழுதுவது சுலபம். எங்கள் ஃபிரிட்ஜ் கதவிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. என் மகனுக்கு இரண்டு வயதும் சில மாதங்களும் ஆகின்றன, இன்னும் அதை அவன் மதித்ததில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி, குளியலுக்குப் பத்து நிமிடம் என்று அதில் எழுதிவிடலாம். விளையாட்டை விட்டுவிட்டுச் சாப்பிட வருவதற்கு எவ்வளவு நேரம், சாப்பிட்டு முடித்துக் குளிக்கப் போவதற்கு எவ்வளவு என்று எழுத இடமே கிடையாது. ஆனால் பொழுது போவது அங்கேதான். குளிக்க மாட்டேன் என்று அழுதவனே, கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டியை விட்டு வெளியே வரமாட்டேன் என்று அழுவான். குளியலோடு அவனுக்கு ஒரு பகையும் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் அவனால் முடியாத காரியம்.

அந்தக் கணக்கில் திங்கட்கிழமை காலைதான் வாரத்திலேயே மோசம். இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி டே கேர். பையை எடுத்தாலே சோஃபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். சட்டையை நான் போட்டுவிட்டால் கழற்றுவான், "நானே" என்பான். சரி, அவனே போடட்டும் என்று விட்டால் தலை நுழைய வேண்டிய இடத்தில் கை நுழைந்து சிக்கிக்கொள்ளும். அதற்கும் அழுகை. உதவிக்குப் போனால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து. எனக்குத் தெரிந்த வழி, இருபது நிமிடம் முன்னதாகத் தொடங்குவது. "சட்டை போடலாமா?" என்று கேட்காமல் "நீலமா, மஞ்சளா?" என்று கேளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பலிக்கிறது, ஆனால் தினமும் இல்லை. சில நாள் இரண்டும் வேண்டும் என்பான். சில நாள் அழுக்குக் கூடையில் கிடக்கிற பச்சைதான் வேண்டும். இருந்தாலும், 'வேண்டாம்' என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியை நாமாகக் கேட்காமல் இருப்பது நல்ல பழக்கம்.

இதெல்லாம் நடக்கும்போது வேண்டுமென்றே செய்கிறான் என்றுதான் தோன்றும். செய்துகொண்டிருப்பதை நிறுத்துவது, ஆசையை அடக்குவது, அடுத்ததுக்குத் தாவுவது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதியின் வேலை. அது வளர்ந்து முடிய இருபது வயதைத் தாண்டும். போதாததற்கு, மணிக்கணக்கும் அவனுக்குத் தெரியாது. "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் காதிலேயே விழாது. "இன்னும் ரெண்டு தடவை சறுக்கு, அப்புறம் ஷூ, அப்புறம் வீடு" என்றால் புரிகிறது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வருகிற வரிசையை நன்றாகப் பிடித்துக்கொள்கிறான். நீங்கள் அட்டவணைதான் போட வேண்டும் என்றால் அதில் மணியை எழுதாதீர்கள், வரிசையை மட்டும் எழுதுங்கள்.

விழுவதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தாமாக விளையாடுவதைக் கவனித்து 2012இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சராசரியாக மணிக்கு 2,368 அடிகள், 17 தடவை விழுதல். கூர்மையான மூலைகளையும் சாய்ந்து விழக்கூடிய அலமாரியையும் கவனித்துவிட்டு, மற்ற விழுதல்களுக்கு முகத்தை மாற்றாமல் இருந்தால் போதும். நாம் பதறினால்தான் அவனுக்கு அழுகை வருகிறது.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள். இந்த வாரம் அத்தை, அதாவது என் மாமியார், வந்திருந்தார். குழந்தை பாதித் தட்டோடு எழுந்து போனால் அவருக்குத் தாங்காது. கிண்ணத்தோடு பின்னாலேயே போய் ஒவ்வொரு வாயாகக் கொடுத்துவிட்டு, "பார், எவ்வளவு சாப்பிட்டான்" என்று என்னிடம் காலிக் கிண்ணத்தைக் காட்டுவார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. முதல் வருடத்தில் குழந்தையின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாவது வருடம் முழுவதும் சேர்ந்தே இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறைகிறது, பசியும் குறைகிறது. பார்க்கிறவர்களுக்குத்தான், முன்பு நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை திடீரென்று சாப்பாட்டை விட்டுவிட்டதாகத் தெரியும். கூடவே இந்த வயதில் புது உணவைக் கண்டால் ஒதுக்கும் குணமும் வந்துவிடும். ஒரு காயைப் பத்துத் தடவைக்கு மேல் தட்டில் பார்த்த பிறகே வாயில் வைக்கிற குழந்தைகள் நிறைய. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் ஒரு பாகப்பிரிவினை சொல்வார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தை பொறுப்பு. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வேளை சாப்பாட்டைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் அப்படியொன்றும் குறையாது. அத்தையிடம் இதைச் சொன்னேன். "நீ சொல்றது சரிதான்மா" என்றார். அடுத்த வேளை மறுபடியும் கிண்ணத்தோடு கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை காய்ச்சல். நீங்கள் கேட்டதிலேயே முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வேலைக்குப் போகும் பெற்றோரின் வாரம் இங்கேதான் உடையும். சின்னக் குழந்தைகளுக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்பு, டே கேர் போகிற குழந்தைக்கு அதற்கு மேலும் வரும். இதில் பெரும்பாலானவை வைரஸ், அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. எங்கள் மருத்துவர் தெர்மாமீட்டரில் வருகிற எண்ணைவிட மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வார். தண்ணீர் குடிக்கிறானா, சிறுநீர் போகிறானா, மூச்சு சிரமமில்லாமல் வருகிறதா. காய்ச்சல் கொஞ்சம் தணிந்த நேரத்தில் விளையாடினால் எனக்குப் பாதி உயிர் வந்துவிடும். மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் சரியாக எழாமல் துவண்டு கிடந்தாலோ யோசிக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

காய்ச்சலைவிடச் சிக்கலானது, யார் லீவு போடுவது என்பது. டே கேரிலிருந்து போன் வந்தால் யாருடைய போனுக்கு வருகிறது என்பதே ஒரு அரசியல். எங்கள் இருவர் எண்ணும் கொடுத்திருக்கிறோம், முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் பதிவேட்டில் கணவர் எண்ணை முதலில் எழுதச் சொன்னேன். அதன் பிறகும் என்னைத்தான் கூப்பிட்டார்கள், அது வேறு கதை. இப்போது ஞாயிறு இரவே இருவரும் காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த நாள் யார் அசையவே முடியாது என்று குறித்துவிடுகிறோம். காய்ச்சல் வந்த காலையில் யாருடைய வேலை பெரியது என்று பேச ஆரம்பித்தால் குழந்தையின் காய்ச்சல் இறங்கிய பிறகும் அந்தச் சண்டை இறங்காது.

வியாழக்கிழமை நான் வீட்டில். அவனுக்கு உடம்பு பாதி தேறிவிட்டது, எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. வாஷிங் மெஷினிலிருந்து துணியை எடுத்தால் ஓடி வந்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பான். ஒரு கிளிப் கீழே விழுந்தால் எடுத்துத் தருவான். 2006இல் வார்னெகன், டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட இதையேதான் சோதித்தார்கள். துணி காயப்போடுகிறவர் கிளிப்பைத் தவறவிட்டு அதற்காகக் கையை நீட்டுவார். 18 மாதக் குழந்தைகள் பலர், யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து அதே இருவர் இன்னொன்றையும் பார்த்தார்கள்: உதவியதற்குப் பரிசாகப் பொருள் வாங்கிப் பழகிய குழந்தைகள், பிறகு உதவுவது குறைந்தது. அதனால் நான் சும்மா "இங்க கொடு" என்று வாங்கிக்கொள்கிறேன். இந்த உதவியால் பத்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் ஆகிறது என்பதும் உண்மை. காய்ந்த துணியோடு ஈரத்துணியையும் மடித்து வைத்துவிடுவான்.

அப்படித்தான் ஒரு சின்ன ரிமோட்டும் துணிக் கூடைக்குள் வந்து சேர்ந்தது. பொத்தான் மாதிரி இருக்கும் தட்டை பேட்டரி உங்கள் வீட்டில் எதிலெல்லாம் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். ரிமோட், எடை பார்க்கும் கருவி, சத்தம் போடும் பொம்மை, வாழ்த்து அட்டை. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை மோசமாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது. ஸ்குரூ போட்டு மூடாத பொருள் எதுவும் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அன்றைக்கு அலுவலக அழைப்பு ஒன்று இருந்தது, டிவி போட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நல்ல வழிகாட்டுதல். போடுவதுகூடப் பெரிதில்லை, அணைப்பதுதான் பெரிது. நடுவில் அணைக்காமல் ஒரு கதை முடிகிற இடத்தில் அணைத்தால் பாதி ரகளை குறைகிறது. அங்கேயும் அதே மாறும் இடம்தான்.

ரகளை என்றதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம். பூங்காவிலிருந்து கிளம்பும் நேரம், தரையில் படுத்துவிட்டான். நாலு பேர் பார்க்கிறார்கள், ஒரு பாட்டி வந்து அறிவுரை சொல்கிறார். இந்த மாதிரி அடத்தைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன என்பதும், கோபம் சட்டென்று உச்சிக்குப் போய் இறங்கிவிட, துக்கம் மட்டும் அடியில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் அவர்கள் கண்டது. உச்சியில் இருக்கும்போது காரணம் சொல்வது வீண், நம் பேச்சே எரிச்சலைக் கூட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன், தலை எதிலும் மோதாமல் மட்டும் பார்த்துக்கொள்வேன். கத்தல் வெறும் அழுகையாக மாறும்போது கையை நீட்டினால் வந்துவிடுவான். வராவிட்டால் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

சனிக்கிழமை தோழி தன் மகளோடு வந்தாள். இரண்டும் ஒரே அறையில், ஆளுக்கொரு மூலையில், ஒன்றையொன்று பார்த்துப் பார்த்துத் தனித்தனியாக விளையாடின. சேர்ந்து விளையாடவில்லையே என்று அவள் வருத்தப்பட்டாள். குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரட் பார்ட்டன் 1932லேயே இதை எழுதிவைத்துவிட்டார், இந்த வயதுக்கு அதுதான் விளையாட்டு. பொம்மைக்குச் சண்டை வந்தது, போனது.

தூக்கம். ஒன்று, இரண்டு வயதில் மதியத் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் என்பது பொதுவான அளவு. ஞாயிறு மதியம் தூங்கவில்லை, காரில் மாலை ஐந்து மணிக்குக் கண்ணை மூடினான். எழுப்பினால் அழுவான், விட்டால் இரவு பத்துக்கும் விழித்திருப்பான். இருபது நிமிடம் விட்டு எழுப்பினோம், அழுதான். ஆனால் இரவு வரிசை மாறவில்லை: குளியல், பல், புத்தகம், விளக்கு. அதே புத்தகம். ஒரு வரியைத் தாண்டினாலும் கண்டுபிடித்துவிடுகிறான். கணவருக்கு அலுத்துப்போய்ப் புதுப் புத்தகங்கள் வாங்கி வந்தார், அவை அலமாரியில் இருக்கின்றன. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், வெவ்வேறு கதைகள் கேட்டவர்களைவிடப் புதுச் சொற்களை நன்றாகக் கற்றார்கள் என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. அதைச் சொன்னேன். பெருமூச்சு விட்டு மறுபடியும் முதல் பக்கத்தைத் திறந்தார்.

இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டே சமாளிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும், மூன்றாவதாக ஒரு ஆள் இருந்தால். பல டே கேர்களில் மருந்தில்லாமல் காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகுதான் குழந்தையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் லேசான காய்ச்சல்கூட உங்கள் இருவரில் ஒருவருக்கு இரண்டு வேலை நாள். அந்த நாட்களுக்கு அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், காசு கொடுத்து வரச்சொல்லும் ஆள் என யாரையாவது இப்போதே பேசி வையுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாட்களிலேயே அவர்கள் நாலைந்து தடவை வந்து குழந்தையோடு விளையாடிப் பழகட்டும். காய்ச்சல் நாளில் புது முகத்தைக் கண்டால் அவன் உங்களை வாசலைத் தாண்ட விட மாட்டான்.