திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள்

கல்லீரல் சுருக்க நோயால் வயிற்றில் நீர் கோத்திருக்கும் அப்பா நேற்றிலிருந்து குழம்பிப் பேசுகிறார், காய்ச்சல் இல்லை, திங்கட்கிழமை காட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, நண்பரே. இன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த நீரில் குடல் கிருமிகள் தொற்றும்போது பலருக்குக் காய்ச்சலோ வலியோ வருவதில்லை. மனக்குழப்பம் மட்டுமே தெரியலாம். என் அம்மா கையில் டம்ளரை வைத்துக்கொண்டே "காபி எங்கே?" என்று கேட்டார். தொற்று அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஊசியால் சிறிது நீர் எடுத்துப் பார்ப்பார்கள். தயங்காமல் சம்மதியுங்கள். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்கள் 250ஐத் தொட்டாலே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வருமுன் ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். சிறுநீரகத்தைக் காக்க ஆல்புமின் எனும் புரதத்தையும் ஏற்றுவது வழக்கம். வலிக்கென்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள். மருந்துச் சீட்டுகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.