ஹெல்மெட், சீட் பெல்ட்: சட்டம் எதுக்கு, கொக்கி எதுக்கு? (கேள்வி பதில்)

கேள்வி (திருப்பூர்): விழுந்தா என் தலைதானே உடையப் போகுது? எதிர்ல வர்றவனுக்கு என்ன நஷ்டம்? இதுல கவர்மெண்டுக்கு என்ன வேலை சார்?

பதில்: நஷ்டம் உங்கள் தலையோடு முடிந்துவிட்டால் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் முடிவதில்லை. தலையில் அடிபட்டு அரசு மருத்துவமனைக்கு வருபவருக்கு ஸ்கேன், ஆபரேஷன், வாரக்கணக்கில் வென்டிலேட்டர், எல்லாமே ஊர்ப்பணம். அந்த நேரத்தில் அதே வென்டிலேட்டர் இன்னொருவருக்கும் தேவைப்படலாம். பிழைத்து வந்தாலும் நினைவு, பேச்சு, நடை பழையபடி திரும்பாமல் போனால் வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருக்க வேண்டும்.

உங்கள் வாதத்தை அமெரிக்கா நிஜமாகவே செய்து பார்த்தது. ஹெல்மெட் சட்டம் போடாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் கைவைப்போம் என்று 1966-இல் மத்திய அரசு மிரட்டியதால், 1975-க்குள் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் சட்டம் போட்டன. 1976-இல் அந்த மிரட்டல் நீங்கியதும் பல மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்தின. ஃபுளோரிடா 2000-இல் கொண்டுவந்த தளர்வுதான் வேடிக்கை. 21 வயதைத் தாண்டியவர் 10,000 டாலர் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால் ஹெல்மெட் வேண்டாம் என்றது. சுதந்திரம் கொடுத்தவர்களே ‘பில்லை யார் கட்டுவது’ என்று கேட்டிருக்கிறார்கள் பாருங்கள். அமெரிக்காவில் அந்தத் தொகை தலைக்காயத்துக்கு முதல் சில நாளுக்கே காணாது. சட்டம் தளர்ந்த இடங்களில் ஹெல்மெட் போடுவோர் குறைந்தார்கள், மரணங்கள் கூடின.

பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வின்படி ஹெல்மெட் மரண அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. சட்டம் வேண்டும் என்பதே என் கருத்து. என் குறை வேறு: தலையில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனையால் பாதிப் பயன்தான். கொக்கி மாட்டியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

கேள்வி (கும்பகோணம்): மார்க்கெட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர்தான், நாப்பதுலதான் போறேன். அதுக்குமா?

பதில்: 40 கி.மீ. வேகத்தில் எதிலாவது நேராக மோதுவதும், ஆறு மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து விழுவதும் ஒரே அடி. நின்ற வண்டி சாய்ந்தாலே தலை ஐந்தடி உயரத்திலிருந்து தரைக்கு வருகிறது. அதற்கும்தான்.

கேள்வி (சேலம்): இப்ப சட்டப்படி யார் யார் போடணும்? ஃபைன் எவ்வளவு?

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின்: நான்கு வயதைத் தாண்டிய எல்லோரும், பின்னால் உட்காருபவர் உட்பட. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்கு உண்டு. 194டி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். தமிழ்நாட்டில் 100 ரூபாயாக இருந்த அபராதம் 2022 அக்டோபரில்தான் 1,000 ஆனது.

நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தனி விதி, 2023 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. ஓட்டுபவரோடு குழந்தையைப் பிணைக்கும் பெல்ட் வேண்டும், அது 30 கிலோ தாங்க வேண்டும். ஒன்பது மாதத்திலிருந்து ஹெல்மெட். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைத்து ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்வது நம் தெருக்களில் தினசரிக் காட்சி. சடன் பிரேக் அடித்தால் ஹேண்டிலுக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவில் நசுங்குவது அந்தக் குழந்தை.

கேள்வி (மதுரை): ரோட்டோரம் 250 ரூபாய்க்கு விக்கிறாங்க, அதுலயும் ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் இருக்கே அண்ணா?

பதில்: ஸ்டிக்கர் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ‘ஐஎஸ் 4151’ என்றும், கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் கம்பெனி பெயர், முகவரி வரும். பெட்டியில் இருக்கும் பெயரும் அதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து, உள்ளே இருக்கும் துணி மெத்தையை விலக்கிப் பாருங்கள். வெளி ஓட்டின் உட்புறத்தை ஒட்டி, கெட்டியான தெர்மாகோல் அடுக்கு நெற்றி, பக்கம், பின்மண்டை எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். உயிர் காப்பது அதுதான், வெளி ஓடு அல்ல. விழும்போது அது நசுங்கி, தலை நிற்பதற்குச் சில சென்டிமீட்டர் தூரம் கொடுக்கிறது. மலிவுச் சரக்கில் வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும். விரலால் அழுத்தினாலே ஓடு தட்டுப்படும். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்பதே குற்றம். சிக்னலில் நிற்கும் போலீஸ் மாதத்தில் ஒருநாள் அந்தக் கடைகளுக்கும் போனால் நன்றாக இருக்கும்.

கேள்வி (திருச்சி): சைஸ் எப்படிப் பாக்குறது? ஸ்ட்ராப் எவ்வளவு டைட்டா இருக்கணும்?

பதில்: இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, பின்மண்டை அதிகம் துருத்தும் இடத்தைச் சுற்றி அளக்கவும். 57–58 செ.மீ. பெரும்பாலும் மீடியம், 59–60 லார்ஜ். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

புது ஹெல்மெட் கன்னத்தை லேசாக உள்ளே தள்ள வேண்டும். கடையிலேயே சுகமாக இருந்தால் சைஸ் பெரிது என்று அர்த்தம், ஏனென்றால் சில மாதத்தில் மெத்தை அமுங்கி இன்னும் லூசாகும். போட்டபடி ஹெல்மெட்டை இரு கையாலும் பிடித்துத் திருப்புங்கள். நெற்றித் தோலும் சேர்ந்து இழுபட வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் அடுத்த சின்ன சைஸ்.

பிறகு ஸ்ட்ராப்பை மாட்டி, பின்பக்க விளிம்பில் கைவைத்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் விபத்தில் உங்களுக்கு முன்னால் ஹெல்மெட் பறந்துவிடும். தாடைக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே ஒரு விரல், அதிகபட்சம் இரண்டு விரல் நுழையலாம். பல்பல்லாக ஏறும் பக்கிள் என்றால் பல்லில் தூசு அடைத்துப் பிடிமானம் விட்டுப்போகும். மாதம் ஒருமுறை பழைய டூத் பிரஷால் தேய்த்து, மாட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். ‘டிக்’ சத்தம் கேட்டதாலேயே பூட்டியதாக நம்ப வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): கொண்டை போட்டு, பூ வச்சுட்டு ஹெல்மெட் உக்காரவே மாட்டேங்குது. முடி வேற கொட்டுது.

பதில்: உயரக் கொண்டை மேல் எந்த ஹெல்மெட்டும் உட்காராது அக்கா. பிடரிக்குக் கீழே தாழ்வாகப் பின்னலாக விட்டு, பூவை ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இரும்பு கிளிப், ஹேர்பின் வேண்டாம், அடிபட்டால் அதுவே குத்தும். முடி கொட்டுவதற்கு ஹெல்மெட்டைவிட, துவைக்காத மெத்தையில் சேரும் வியர்வையும் அழுக்கும்தான் பெரிய தொல்லை. கழற்ற வருகிற மெத்தையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷாம்பூ தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டலாம். தடித்த துப்பட்டாவைச் சுற்றினால் பிடிமானம் போய்விடும்.

கேள்வி (வேலூர்): கீழ விழுந்த ஹெல்மெட்டைத் திரும்பப் போடலாமா?

பதில்: தலை உள்ளே இருக்கும்போது அடி வாங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும். நசுங்கிய தெர்மாகோல் மறுபடி எழும்பாது. சீட்டிலிருந்து காலியாக உருண்டு விழுந்தது என்றால் விரிசல் பார்த்துவிட்டு உபயோகிக்கலாம். தயாரித்து ஐந்து வருடம் ஆனால் மாற்றுவது நல்லது. கண்ணாடிக் கம்பியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள், கம்பி முனை உள்ளே குழி போடும். பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைத்தால் பிளாஸ்டிக் ஓடு நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும்.

கேள்வி (சென்னை): கார்ல ஏர்பேக் இருக்கு. பின்சீட்ல உக்கார்ற எங்கப்பா பெல்ட் எதுக்குப் போடணும்?

பதில்: முன்னால் இருக்கும் ஏர்பேக் பின்சீட்டுக்கு ஒன்றும் செய்யாது. 50 கி.மீ. வேகத்தில் கார் மோதி பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வையுங்கள். 60 கிலோ உள்ள உங்கள் அப்பா சுமார் 850 கிலோ பாரத்தோடு முன்சீட்டில் பாய்வார். முன்சீட்டில் இருப்பவர் பெல்ட் போட்டிருந்தும் நசுங்குவார். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் பால்கர் அருகே இறந்தபோது பின்சீட்டில் பெல்ட் இல்லாமல்தான் இருந்தார் என்று போலீஸ் சொன்னது. பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். மீறினால் 194பி பிரிவில் 1,000 ரூபாய்.

முன்சீட்டிலும் பெல்ட் இல்லாமல் ஏர்பேக்கை நம்ப முடியாது. கண் இமைக்கும் நேரத்தில் விரியும் பைக்குள் முகத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். பெல்ட் போடச் சொல்லும் அலாரத்தை ஏமாற்றக் கொக்கியில் செருகும் கிளிப்பை ஆன்லைன் கடைகளிலிருந்து நீக்கச் சொல்லி 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டது.

நம் கார்களில் இன்னொரு கூத்து, சீட் கவர். பின்சீட்டுக் கொக்கிகளைக் கவர் போட்ட அன்றே உள்ளே தள்ளிவிடுகிறார்கள். கவரைத் தூக்கிக் கொக்கியை வெளியே எடுத்து, ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அது நடக்காமல் அப்பாவைப் போடச் சொல்லிப் பிரயோசனமில்லை.

கேள்வி (கோவை): மனைவிக்கு ஏழாவது மாசம். பெல்ட் போடலாமா?

பதில்: போட்டே ஆக வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் வரக் கூடாது. வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பில் படிய வேண்டும். மேல்பட்டை மார்பு நடுவில் இறங்கி வயிற்றுக்குப் பக்கவாட்டில் போகட்டும். குழந்தை பிறந்த பிறகு மடியில் வைத்துக்கொண்டு போவது என்ற பேச்சே வேண்டாம். கார் மோதும் வேகத்தில் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. பின்சீட்டில், பின்னோக்கிய குழந்தை இருக்கையில்தான்.

கேள்வி (தஞ்சாவூர்): ஹெல்மெட் இல்லாம அடிபட்டா இழப்பீடு கிடைக்காதா?

பதில்: கிடைக்கும், ஆனால் குறையலாம். எதிர்வண்டி மேல் தப்பு இருந்தாலும், காயம் தலையில் என்றால் ‘உங்கள் பங்குக் கவனக்குறைவு’ என்று தீர்ப்பாயம் ஒரு பகுதியைக் கழிக்க இடம் உண்டு. விதியை மீறியதே போதாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கோ காயத்துக்கோ தொடர்பு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஒரு பைக்கில் மூவர் போன வழக்கில் சொல்லியிருக்கிறது. கால் முறிந்த வழக்கில் ஹெல்மெட் இல்லை என்று கழிக்கப் பார்த்தால் வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள். ஹெல்மெட் போட்டிருந்தீர்கள் என்றால் உடைந்ததைக் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள், வழக்கு முடியும்வரை அது சாட்சி.